அரசமரமும் இரவு நேர ஆக்சிஜனும்

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று பள்ளி மேடைகளில் ஒலிக்கும் வாசகங்களுள் மிகவும் சலிப்பூட்டுவது, அரசமரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஆக்சிஜன் வெளியிடுகிறது, அதை அறிந்தே முன்னோர் அதைச் சுற்றிவரச் சொன்னார்கள் என்பதாகும். மலையடிவாரச் சேந்தமங்கலமானாலும், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே கொல்லிமலையில் இருக்கும் செம்மேடானாலும், தமிழ்நாட்டின் வேறெந்த ஊரானாலும் இதே கதைதான். கைப்பேசியில் வந்தது மேடையேறுகிறது, மேடையில் கேட்டதைக் கட்டுரைப் போட்டியில் எழுதிக் குழந்தை பரிசும் வாங்கிவிடுகிறது. சொல்பவர் யாராயினும் இது பொய்.

ஒளிச்சேர்க்கை என்பது, இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பற்றிக்கொண்டு, நீரையும் கரியமில வாயுவையும் மாவுப்பொருளாக்கும் வினை. அதில் நீர் பிளக்கப்படும்போதுதான் ஆக்சிஜன் வெளிப்படுகிறது, அந்தப் பிளவு ஒளியின்றி நடப்பதில்லை. கெட்ட காற்றைப் புதினாக் கிளை சீராக்குவதை 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். அது வெயிலில், அதுவும் பச்சைப் பகுதிகளில் மட்டுமே நிகழ்கிறது என்றும், இருட்டில் செடியும் மற்ற உயிர்களைப் போல மூச்சுவிட்டுக் கரியமில வாயுவையே தருகிறது என்றும் 1779இல் யான் இங்கன்ஹவுஸ் நிறுவினார். ஹைட்ரில்லா எனப்படும் வேலம்பாசியைக் குவளை நீரில் கவிழ்த்த புனலுக்கடியில் வைத்து வெயிலில் நிறுத்தினால், தண்டின் வெட்டுவாயிலிருந்து குமிழிகள் சரஞ்சரமாக மேலேறும். கறுப்புத் துணியால் மூடினால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. மேடைப் பேச்சாளருக்கும் தேவைப்படக் கூடாது.

சற்றே படித்தவர்கள், சில தாவரங்கள் இரவில் இலைத்துளைகளைத் திறக்கின்றனவே என்று வாதிடுவதுண்டு. திறப்பது உண்மை; அதற்குச் சான்று தேடி அரசமரத்தடிக்குப் போக வேண்டியதில்லை, கொல்லிமலைச் சந்தையில் குவியும் அன்னாசியே போதும். பகல் வெப்பத்தில் நீர் இழக்காமலிருக்க அன்னாசி இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து, மாலிக் அமிலமாக இலைக்குள் சேமித்து, பகலில் அதை எடுத்துச் சமைக்கிறது. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று குழந்தைகள் புத்தகத்துக்குள் வைத்து வளர்க்கும் ரணகள்ளியும் இந்த வகையே. அதன் இலை காலையில் புளித்தும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை, கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் எழுதி, 1815இல் அச்சேறியது. இங்கே கவனிக்க வேண்டியது, இத்தகைய தாவரங்களும் இரவில் வாயுவை வாங்குகின்றனவே தவிர ஆக்சிஜனைத் தருவதில்லை என்பதே.

பொய்யானாலும் மரத்தின் மேல் பற்று வருகிறதே, வரட்டுமே என்போர்தான் அதிகத் தீங்கு செய்பவர்கள். தாவர சுவாசத்தைப் பின்னாளில் படிக்கும் பிள்ளை, முன்பு கேட்டது பொய்யென்றறிந்து, மெய்யாகச் சொல்லப்பட்டவற்றையும் சேர்த்தே சந்தேகிக்கும். அரசமரத்தின் உண்மையான பெருமையோ யாராலும் சொல்லப்படாமல் கிடக்கிறது: அதன் பூக்கள் காய்போன்ற உறைக்குள் ஒளிந்திருக்க, மகரந்தத்தைச் சுமந்து உள்ளே நுழைவது அதற்கென்றே அமைந்த ஒரு சிறு குளவி, பழம் கனிந்தால் பச்சைப்புறாவும் குக்குறுவானும் மைனாவும் பழந்தின்னி வௌவாலும் கூடுகின்றன.

இதுபோன்ற மற்றப் பொய்களை விரைந்து கடக்கலாம். துளசி ஓசோன் வெளியிடுகிறது என்பதும் கட்டுக்கதை. வெளியிட்டால் அது நுரையீரலுக்குக் கேடு. இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மூச்சடைக்கும் என்பது வீண் பயம். திறந்தவெளிக் காற்று ஓயாமல் கலந்துகொண்டே இருக்கிறது. காடழிந்தால் நாளையே ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்பதும் தவறு. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடாக உள்ள அந்த இருப்பு பல கோடி ஆண்டுகளில் சேர்ந்தது. காடழிந்தால் முதலில் போவது மண்ணும் ஊற்றும்.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணை மரக்கன்று நடும் புகைப்படமாகச் சுருங்கியது பரிதாபம். கொல்லிமலையில் ஒளிச்சேர்க்கையின் மூன்று வழிகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன: அன்னாசி ஒன்று, பெரும்பாலான பயிர்களைப் போன்ற மரவள்ளி மற்றொன்று, கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக் குறைந்த நீரில் விளையும் சி4 வகைச் சாமை மூன்றாவது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி, மலையின் சாமைக் காடுகளைப் பெருமளவு விழுங்கிவிட்டது. மல்லிச்சாமை, கட்டவெட்டிச்சாமை போன்ற ரகங்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே உழவர்களோடு உழைக்கிறது. கோடை விடுமுறையில் காயப்போகும் கன்றுகளுக்கு மாற்றாக, பள்ளி வளாகத்தில் மூன்று பயிர்களுக்கும் ஒவ்வொரு பாத்தி ஒதுக்கலாம். ஆடிப் பட்டத்தில் விதைக்கும் சாமையைக் குழந்தைகள் அரையாண்டுத் தேர்வுக்குள் அறுத்துவிடலாம். விதையைக் கேட்டால் மலையில் இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உள்ளன.