உரிப்பதா, தேய்ப்பதா: கார் உடலை வண்ணத்துக்குத் தயார் செய்யும் வழிகள்

கார் உடலுக்குப் புது வண்ணம் அடிக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, பழைய பூச்சைத் தகடு தெரியும்வரை உரிப்பதா, உறுதியான பூச்சை அப்படியே வைத்துத் தேய்த்து அதன்மேல் அடிப்பதா என்பதாகும். ஆலையில் சூட்டில் உலர்த்திய பூச்சு விரிசலோ கொப்புளமோ இன்றித் தகட்டைப் பற்றியிருந்தால், அதைவிட நல்ல அடித்தளம் பட்டறையில் அமையாது. மின்னோட்டத்தின் துணையால் தகட்டில் படியவைக்கப்பட்ட அதன் துருத்தடுப்புப் படலத்தை உரித்துவிட்டால், பின்னர் அதைப் பட்டறையில் உண்டாக்க இயலாது. எனவே உரிப்பதே எப்போதும் உயர்ந்த வேலை என்ற எண்ணம் சரியன்று. தின்னரில் நனைத்த துணியைப் பூச்சின்மேல் சிறிது நேரம் வைத்தால் ஆலைப் பூச்சு அசையாமல் நிற்கும், பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சோ கரைந்து துணியில் ஒட்டும். கரையும் பூச்சின்மேல் இன்றைய பெயின்ட்டை அடித்தால் அந்தப் பழைய பூச்சு கிளம்பிச் சுருங்கிவிடும் என்பதால், அங்கே உரிப்பதே பாதுகாப்பான வழி.

உரிக்கும் முறைகளில் மணல் வீச்சு விரைவானது என்றாலும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள கதவு, பானெட் போன்ற அகன்ற தகடுகள் அந்த வீச்சில் நெளிந்துவிடக்கூடும். அவற்றுக்குப் பூச்சைக் கரைக்கும் ரிமூவர் அல்லது 80ஆம் எண் உப்புத்தாள் பொருந்தும். ஆயினும் ரிமூவர் மடிப்புகளுக்குள் தங்கிப் பின்னாளில் புதுப் பூச்சையே அரிக்கும் என்பதால், விளிம்புகளைத் தாளால் தேய்த்தெடுப்பதே நல்லது.

பெரும்பாலான பழுதுகள் பள்ளம் நிரப்பும் பட்டியிலும் அடிப்பூச்சான பிரைமரிலுமே தொடங்குகின்றன. என்.சி. பட்டி கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்வது. தடித்துப் பூசினால் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருந்து, வண்ணம் மின்னத் தொடங்கிய பிறகு பள்ளத்தின் வரம்பைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அதை ஊசிமுனைத் துளைகளுக்கு மட்டும் பயன்படுத்தி, டிங்கரிங் முடிந்த பள்ளங்களுக்கு ஹார்டனர் கலந்து வேதிவினையால் இறுகும் பாலியெஸ்டர் பட்டியை இடுவதே முறை. பிரைமரில், தகட்டை அரித்துப் பற்றும் அமில வகையான எட்ச் பிரைமரின்மேல் நேரடியாகப் பட்டி வைத்தால், அமிலம் ஹார்டனரின் வேலையைக் கெடுத்துப் பட்டி பிடிப்பிழக்கும். பட்டி தேவைப்படும் தகட்டுக்கு எபாக்ஸி பிரைமரே ஏற்றது. காற்றிலுள்ள ஈரத்தை அது நன்கு தடுப்பதால், வெறும் தகடு சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கும் கடற்கரை ஊர்களில் அதன் கூடுதல் விலை வீணாகாது.

தேய்ப்பதில் வாட்டர் பேப்பர் தூசியை அடக்கி நயமான பரப்பைத் தருகிறது. ஆனால் டால்க் கலந்த பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் பூச்சுக்கடியில் கொப்புளமாக எழுப்பும் என்பதால், பட்டியை உலர் தாளால் 80, 180, 320 என்ற வரிசையில் தேய்ப்பதே ஏற்புடையது. பிரைமர் போர்த்திய பிறகு நீர் தீங்கு செய்யாது. அங்கே 600ஆம் எண்ணும், கீறலை எளிதில் காட்டும் மெட்டாலிக் நிறங்களுக்கு 800ஆம் எண்ணும் தேவை. பழைய பூச்சு முடிந்து தகடு தொடங்கும் விளிம்பை விரலின் நகத்தால் வருடிப் பார்க்கையில் நகம் தடுக்கினால், எந்தப் பிரைமரும் அந்தப் படியை மறைக்காது. தேய்ப்பு இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எண்ணெய்ப்பசை நீக்குவது தேய்ப்புக்கு முன்னரே நடக்க வேண்டும். பாலிஷில் உள்ள சிலிக்கன் எஞ்சியிருக்கத் தாள் ஓடினால், அது கீறல்களுக்குள் அமுங்கி, ஈரப் பெயின்ட்டை விலக்கி மீன்கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்கும். ஒரு துணியால் எண்ணெய்ப்பசை நீக்கியைத் தடவி, அது ஆவியாவதற்குள் மற்றொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தால்தான் பசை துணிக்குப் போகும். ஒரே துணியால் தேய்த்தால் பசை இடம் மட்டுமே மாறும்.