நகைச்சுவை நாடகமும் நடிகர் மதிப்பும்

அழகர்கோவிலைச் சூழ்ந்த சிற்றூர்களிலே திருவிழாக் காலங்களில் இரவெல்லாம் நாடகம் நடைபெறுதலை நாம் அறிவோம். பபூன் மேடையேறியதும் வயிறு குலுங்க நகைக்கும் மக்களே, மறுநாள் ஒருவனை இகழ வேண்டின் 'கூத்தாடி' என்பர். நகைப்பு வேண்டும், நகைப்பிப்பவனுக்கு மதிப்பு வேண்டா என்னும் இம்முரண்பாடு நம் நாட்டிற்கே உரியதன்று.

பிரான்சு தேசத்து மோலியர் (1622–1673) நகைச்சுவை நாடகங்கள் பல இயற்றிய பேராசிரியர். 1643-இல் நாடகக் குழு அமைத்து, கடன்பட்டுச் சிறை புகுந்தார். பின்பு பல்லாண்டு ஊரூராய் நடித்து, 1658-இல் பாரிசு மீண்டு, பதினான்காம் லூயி மன்னரின் ஆதரவு பெற்றார். மெய்யாகவே நோயுற்றிருந்தும், இல்லாத நோயை எண்ணி வருந்துவானொருவன் வேடம் பூண்டு நடித்த இரவே உயிர்நீத்தார். நடிகரென்பதால் திருச்சபை நல்லடக்கம் மறுத்தது. மன்னர் தலையிட்ட பின்னரே, இரவில், ஆடம்பரமின்றி அடக்கம் நிகழ்ந்தது. கிறிஸ்தவராகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

இத்தகைய இகழ்ச்சியைத் தமிழ்நாட்டில் மாற்ற முயன்றவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). பல்லாரி கிருஷ்ணமாசார்லு குழுவினரின் நடிப்பைக் கண்டு ஊக்கமுற்று, 1891-இல் சென்னையில் நண்பர்களுடன் சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றோர் பலர் அதில் ஊதியம் கருதாது நடித்தனர். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய முதலியார், தாமும் வேடம் புனைந்தார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களும் இயற்றினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. மோலியர் படைத்த ஸ்காபின் என்னும் தந்திரசாலியான வேலைக்காரன், 'காளப்பன் கள்ளத்தனம்' என்னும் நாடகத்தில் தமிழ் பேசலானான்.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடம் என நான்கென்பது தொல்காப்பியம். சமயப் போர்வையில் வஞ்சிப்பவனை மோலியர் நாடகமாக்கியது எள்ளலின்பாற்படும். முதலியாரின் 'சபாபதி'யோ பேதைமைக்குச் சான்று. அறிவு மந்தமான செல்வரும், அவரினும் மந்தமான, அவர் பெயரையே கொண்ட வேலைக்காரனும் அதில் வருகின்றனர். 1941-இல் திரைப்படமாகவும் வந்த அக்கதையில், பார்ப்போர் ஆண்டானையும் அடிமையையும் ஒருங்கே கண்டு நகைக்கின்றனர். செல்வம் அறிவைத் தாராதென்பதையும் உடன் உணர்கின்றனர்.

முதலியாருக்கு 1959-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. மோலியருக்குச் சாவிலும் மறுக்கப்பட்ட மதிப்பு அவருக்கு வாழ்நாளிலேயே கிட்டியது. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. நீதிபதி நடிப்பின் கலை; ஏழை கூலிக்கு நடிப்பின் கூத்தோ? மோலியரும் நடித்தே வயிறு வளர்த்தவர். ஆதலின், கற்ற நடிகருக்கு நாம் அளிக்கும் மதிப்பு, விடியுமட்டும் விழித்து நம்மை நகைப்பிக்கும் சிற்றூர்ப் பபூனுக்கும் உரியதே.