மடியில் ஆடும் கை, வேலையில் ஆடும் கை

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், மானாவாரிக் கரிசல் காடு எங்களுடையது. மூணு வருஷத்துக்கு முன் குதிரைவாலி அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வலது கை மடியில் தானாக ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல உரசின. செம்பை எடுக்கக் கை நீட்டியதும் ஆட்டம் நின்றது. "வேலை செய்யுறப்ப நல்லாத்தான இருக்கு. வயசாயிருச்சுல்ல" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஒரு வருஷம் வீணானது.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம் தொடங்கும். கை ஓய்ந்திருக்கும்போது தெரியும், வேலையில் குறையும். கையை நீட்டியபடியே வைத்திருந்தால் சில விநாடி கழித்துத் திரும்பவும் வரலாம். எங்கள் சின்னம்மாவுக்கு நேர்மாறு. மடியில் கை அசையாது. டம்ளரைத் தூக்கினால் இரண்டு கையும் நடுங்கி காபி சிந்தும். அது வேறு நடுக்கம், மருந்தும் வேறு.

அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரை லெவோடோபா. உடம்பில் போய் டோபமைனாக மாறும். இதே பொருளை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இதைக் கேட்ட பக்கத்துக் காட்டு அண்ணாச்சி, "அப்ப விதையை அரைச்சுக் குடிக்க வேண்டியதுதான?" என்றார். கூடாது. விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்து அளவு கூடினால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், கை கால் தன்னால் முறுக்கும்.

பாராகுவாட் களைக்கொல்லியைக் கையாண்ட உழவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. செடி வேரிலிருந்து எடுத்து 'இயற்கை மருந்து' என்று தெளிக்கப்பட்ட ரோட்டினோன் மீதும் அதே குற்றச்சாட்டு உண்டு. செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது இல்லை. அப்பா பருத்திக்கு அடித்த மருந்துதான் காரணமென்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் காட்டில் இப்போது களைக்குக் களைக்கொத்துதான்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையைப் பாருங்கள். மடியில் ஆடுகிறதா, தூக்கும்போது ஆடுகிறதா? ஒரு கையா, இரண்டுமா? எழுத்து சிறுத்திருக்கிறதா, நடை குறுகியிருக்கிறதா? குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தடித்த அன்றே நடுக்கமும் வேர்வையும் வாந்தியும் வந்தால் அது விஷம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்பா இப்போதும் விதை பொறுக்குகிறார். முன்னைவிட மெதுவாக.