காவியத்தை வெள்ளியில் அடிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு காவியம் முழுவதையும் ஒரே வெள்ளித் தட்டில் கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தாய். எல்லாக் காட்சிக்கும் இடம் போதவில்லை என்றும் வருந்தியிருந்தாய். உளியை எடுக்குமுன் ‘மில்டன் கேடயம்’ எப்படி அமைந்திருக்கிறது என்று பார்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பந்தயக் கோப்பைகளிலும் விருந்து மேசை வெள்ளியிலும் இலக்கியக் காட்சிகளைப் பதிப்பது பெரும் மோகமாக இருந்தது. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக் கலைஞர் லெயோனார் மொரெல்-லாதுய், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை வெள்ளியிலும் இரும்பிலும் ஒரு கேடயமாக வடித்தார். காவியம் அச்சேறியது 1667-இல். கேடயம் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது 1867-இல். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேறொருவராக இருந்தால் சாத்தானையோ, கனி பறிக்கும் ஏவாளையோ நடுவில் வைத்திருப்பார். இவர் வைத்தது ஓர் உரையாடலை. ஏதேன் தோட்டத்தில் ரஃபேல் என்ற தேவதூதர் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் விண்ணுலகப் போரின் கதையைச் சொல்கிறார். அந்தப் போர்தான் இரு பக்கமும் விரிகிறது. சொல்பவரும் கேட்பவர்களும் நடுவில், சொல்லப்படும் கதை சுற்றிலும். காவியத்திலும் அந்தப் போரின் முழுக் கதையை நாம் ரஃபேல் வாய்மொழியாகத்தான் அறிகிறோம். கவிதையின் கட்டமைப்பையே அவர் தகட்டின் கட்டமைப்பாக்கிவிட்டார். காவியத்தை ஆழ்ந்து படித்த கைக்குத்தான் இது வரும்.

தேர்ந்தெடுக்கச் சொல்லி உலோகமும் உன்னை வற்புறுத்தும். பின்புறமிருந்து தட்டி எழுப்ப எழுப்பத் தகடு மெலியும். அடி விழ விழ இறுகும். காய்ச்சி இளக்காமல் மேலும் அடித்தால் கிழியும். எல்லா உருவத்தையும் ஒரே உயரத்துக்கு எழுப்பினால் கண்ணுக்கும் நிற்க இடமிராது. முக்கியமானவர்களை உயர்த்து, மற்றவர்களைத் தாழ்வான புடைப்பில் விடு. சில இடங்களை வெறுமையாகவே விட்டுவை.

எல்கிங்டன் நிறுவனம் மின்படிவு முறையில் இந்தக் கேடயத்துக்குப் பல படிகள் எடுத்து விற்றது. கோட்டுக்குக் கோடு நகலெடுக்க அன்றே வழி இருந்தது. நடுவில் யாரை வைப்பது என்ற முடிவை எடுக்க ஒரு கலைஞர் வேண்டியிருந்தது. உன் காவியத்தில் கதையை யார், யாருக்கு, எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கண்டுபிடி. அதற்காக அதை இன்னொரு முறை முழுவதும் படி. வரைபடத்தை அதன் பிறகு போடு.

அன்புடன்,
உன் அண்ணன்