வந்தாறுமூலையில் கல் அரிய எந்தக் கலவை?

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை எகிறியதிலிருந்து, சீமெந்தே இல்லாமல் நிலக்கரிச் சாம்பலையும் ஊர் மண்ணையும் வைத்துக் கல் அரியலாமா என்ற கேள்வி கிழக்குக் கரைப் பக்கமுள்ள வந்தாறுமூலையில் வீடு கட்டுவோரிடம் எழுவது நியாயம்தான். அரியலாம். ஆனால் எந்தக் கலவை என்று முடிவெடுக்கும் முன் மண்ணைப் பாருங்கள்.

கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் உடனே இறங்கிவிடும். வண்டல் சற்றுப் பிந்தும். களி மறுநாள் வரைக்கும் தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். மணல் கூடி, களி அளவாக இருக்கும் கிரவல் மண் நல்லது. வேர் நிறைந்த கறுத்த மேல்மண் வேண்டாம். வாவியோரச் சேறு அறவே வேண்டாம். அதிலுள்ள உப்பு பிறகு சுவரில் பூக்கும், கம்பியையும் அரிக்கும்.

இனி சீமெந்தில்லாக் கல்லுக்கு வருவோம். பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970களில் ஜியோபொலிமர் என்று பெயரிட்ட முறையில், சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கடுங்காரக் கரைசலில் கரைந்து, மறுபடி பிணைந்து இறுகும். இதில் பலரும் தவறவிடுவது மண்ணின் பங்கை. வேகாத களி அந்தக் கரைசலில் இலகுவில் கரையாது. கயோலின் களியை 700 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால்தான் அது பிணைப்பில் சேரும். சுடாத மண் பெரும்பாலும் இட்டு நிரப்பும் பொருள்தான். களி கூடினால் கரைசலை உறிஞ்சும், கல் காயும்போது வெடிக்கும்.

சாம்பல் கிடைப்பது மேற்குக் கரையில், நுரைச்சோலையின் 900 மெகாவாற் லக்விஜய அனல்மின் நிலையத்தில். தீவைக் குறுக்கே கடந்து வரும் லொறிக் கூலியோடு, காரக் கரைசலுக்கு வேண்டிய கோஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேற் விலையையும் கூட்டிப் பாருங்கள். கல்சியம் குறைந்த சாம்பல் நன்றாக இறுக 60 முதல் 80 பாகை வெப்பத்தில் ஒரு நாளாவது வைக்க வேண்டும். கறுப்புப் பொலித்தீனால் மூடினால் கோடை வெயில் உதவும். மாரியில் அதுவும் இல்லை.

10 மோலார் காரக் கரைசலில் லீற்றருக்கு 400 கிராம் கோஸ்டிக் சோடா இருக்கும். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாத மேசனை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

சீமெந்து 5 முதல் 10 வீதம் சேர்த்து அச்சில் அமுக்கும் மண்கல்லுக்கு இத்தனை பாடு இல்லை. வளவுக்கு அருகிலுள்ள மண்ணே போதும், சூளை தேவையில்லை, எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரமும் இருக்கிறது. அரிந்த பின் சில வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மணல்–சீமெந்துக் கல் எந்த மேசனுக்கும் கைவந்தது. ஆனால் ஆற்று மணலும் சீமெந்தும் கூடுதலாகக் கேட்கும்.

நல்ல கிரவல் கிடைக்கும் வீட்டுக்காரர் அமுக்கிய மண்கல்லையே எடுக்கட்டும். சாம்பல் மொத்தமாக வந்திறங்கி, வெப்ப அறையும் சோதனைக்கூட வசதியும் உள்ள பட்டறைக்கு ஜியோபொலிமர் பொருந்தும். அங்கேயும் முதலில் நடைபாதைக் கல்லாக அரிந்து, ஒரு மாரி நனையவிட்டுப் பார்த்த பிறகே சுவருக்கு எடுக்க வேண்டும்.