சட்டம் அறிவோம்: புகை தெரியாத புகையும் நமது கடையும்



‘இங்கு புகை பிடிப்பது குற்றம்’ என்ற பலகையை நம்மில் பலரும் கடையில் மாட்டி வைத்திருக்கிறோம். மாட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அண்மையில் மதுரையில் உணவகம் நடத்தும் நமது உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்திற்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டார். அதற்கு விடை தேடியபோதுதான், அந்தப் பலகையைப் பற்றி நாமே இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது என்பது தெரிந்தது. அவ்விடையையே இம்மாதப் பாடமாகத் தருகிறோம்.

நடந்தது இதுதான். மதிய வேளை, உணவகத்தில் நல்ல கூட்டம். ஓர் இளைஞர் சாப்பிட்டு முடித்ததும் பேனா போன்ற ஒரு கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இழுத்தார். மாம்பழ வாசனையோடு வெண்மையாக ஆவி கிளம்பியது. பக்கத்து மேசையில் கைக்குழந்தையோடு அமர்ந்திருந்த பெண்மணி, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நமது உறுப்பினர் அருகே சென்று பலகையைக் காட்டினார். “அண்ணாச்சி, இது சிகரெட் இல்லை. நெருப்பு இருக்கா, சாம்பல் இருக்கா? வெறும் ஆவிதான். உங்க போர்டு இதுக்குப் பொருந்தாது” என்று பதில் வந்தது.

அந்த இளைஞர் யாரோ ஒருவர் அல்லர். இருபது ஆண்டுகளாகக் கடனுக்குச் சரக்கு கொடுத்து வரும் மொத்த வியாபாரியின் மகன். கடுமையாகப் பேசினால் கணக்கு வழக்கு கெடும். பேசாமல் விட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். நமது உறுப்பினர் வாயடைத்து நின்றதில் வியப்பில்லை.

இது என்ன பொருள்?

மின் சிகரெட் அல்லது இ-சிகரெட் என்பது மின்கலத்தால் இயங்கும் ஒரு கருவி. இன்றைய வடிவத்திற்கு வழிகாட்டியது 2003-ஆம் ஆண்டில் சீனாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கிய கருவி என்பர். இதில் ஒரு மின்கலம், ஒரு சிறு கம்பிச் சுருள், ஒரு திரவம் ஆகிய மூன்றும் முக்கியம். வாயால் இழுக்கும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள் இருக்கும். பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும்.

ஆகவே ‘வெறும் ஆவி’ என்பது சரியல்ல. இட்லிப் பானையிலிருந்து வருவது நீராவி, இது அப்படிப்பட்டதன்று. மிக நுண்ணிய துகள்களும் நிக்கோட்டினும் கலந்த காற்று இது. சிகரெட்டுப் புகையை நோக்க இதில் நச்சுப் பொருள்கள் குறைவு என்பது உண்மையே. ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. எடையில் சிறிது குறைத்தாலும் குறைத்ததுதானே! பக்கத்தில் இருப்பவர் தாம் கேட்காத ஒன்றைச் சுவாசிக்க நேருகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

புகை பிடிப்போர் இதைத் தடை செய்த இடங்களில் ஏன் பயன்படுத்துகின்றனர் என்பதும் எளிதில் விளங்கும். நிக்கோட்டின் பழகிய உடல் சிறிது நேரம் கழிந்ததும் மீண்டும் அதைக் கேட்கும். வெளியே எழுந்து போக வேண்டியதில்லை, வாசனையும் விரைவில் மறைந்துவிடும், பிடிபடுவதும் அரிது. ஆகவே திரையரங்கிலும் அலுவலகக் கழிப்பறையிலும் குளிர்சாதன அறையிலும் இது வந்து சேருகிறது.

பலகைக்குப் பின்னால் உள்ள சட்டம்

நமது பலகை 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்படி வைக்கப்படுவது. பொது இடத்தில் புகை பிடிப்பதை அதன் 4-ஆம் பிரிவு தடை செய்கிறது, அபராதம் ரூ.200 வரை. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் கடைக்காரருக்கும் கடமைகளை வைத்துள்ளன. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுக்குக் குறையாத பலகை வாசலில் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றைப் புகை பிடிப்பதற்காகத் தரக் கூடாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத உரிமையாளர் தாமே அபராதம் கட்ட நேரிடும்.

அச்சட்டம் ‘புகை பிடித்தல்’ என்று கூறுவது, புகையிலையை எந்த வடிவிலாவது, எந்தக் கருவியின் துணையோடாவது புகைப்பதை. அதை எழுதிய நாளில் இந்தக் கருவி நம் நாட்டுச் சந்தைக்கு வரவில்லை. திரவத்தில் புகையிலை இலை இல்லை என்று ஒருவர் வாதாட இடமிருக்கிறது. அந்த இளைஞர் பிடித்துக்கொண்டதும் இந்த இடைவெளியைத்தான்.

2019-ஆம் ஆண்டுச் சட்டம்

ஆனால் அவர் மறந்த வேறொரு சட்டம் உண்டு. தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டிலேயே மின் சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமாயிற்று. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தப் பெயரில், எந்த வடிவில் வந்தாலும், மின் ஹூக்கா உள்பட அனைத்தும் இதில் அடங்கும்.

வணிகர்கள் மனத்தில் பதிக்க வேண்டியவை:

1. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, வண்டியில் கொண்டு செல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தும் குற்றம். முழுப் பொருளாக இல்லாமல் உதிரிப் பாகமாக விற்றாலும் குற்றமே. முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும்.

2. சரக்கு இருப்பு வைப்பதும் குற்றம். தெரிந்தே தமது இடத்தைப் பிறருடைய இருப்புக்குக் கொடுப்பதும் அவ்வாறே. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

3. பயன்படுத்துபவருக்கென்று தனித் தண்டனைப் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. சட்டத்தின் பாரம் முழுவதும் விற்பவர், வைப்பவர், கொண்டு செல்பவர் தலையில்தான் இறங்குகிறது.

இந்த மூன்றாவது விஷயமே நமக்குப் பாடம். இழுத்தவர் எழுந்து போய்விடுவார். பெட்டி யாருடைய கிடங்கில் இருந்ததோ அவர்தான் நீதிமன்றப் படியேற வேண்டும். “நாலு நாள் உங்க குடோனில் கிடக்கட்டும்” என்று ஒருவர் ஒரு பார்சலைக் கொடுத்தால், உள்ளே என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒரு துண்டுக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய் இலாபத்தை ஒரு லட்ச ரூபாய் அபராதத்தோடு வைத்துக் கணக்குப் பார்த்தால் போதும். வேறு உபதேசம் வேண்டியதில்லை.

பிற நாடுகளில்

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர், “அங்கெல்லாம் கடையிலேயே விற்கிறார்கள்” என்று கூறுவதுண்டு. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை. அச்சட்டம் பற்றவைத்த பொருளையே குறிப்பதால், மின் சிகரெட்டைக் கடைக்குள் அனுமதிப்பதா என்பது கடைக்காரரின் முடிவாக விடப்பட்டது. சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரி 1 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். சரக்கு வாங்க அங்கே செல்லும் நமது உறுப்பினர்கள் இதை நினைவில் கொள்க. ஒரு நாட்டு வழக்கம் இன்னொரு நாட்டுச் சட்டத்திற்குப் பதில் ஆகாது.

கடையில் செய்ய வேண்டியவை

பழைய பலகையின் கீழே ‘மின் சிகரெட்டும் கூடாது’ என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். நமது இடத்தின் ஒழுங்கைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பரிமாறும் பையனை வாக்குவாதத்திற்கு அனுப்பக் கூடாது, முதலாளியோ மேலாளரோ பேச வேண்டும். பலர் முன்னிலையில் கூச்சலிடாமல், அருகே அழைத்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள்.

நமது உறுப்பினரும் அப்படியே செய்தார். மறுமுறை அந்த இளைஞர் வந்தபோது கல்லா அருகே அழைத்து, “தம்பி, உங்க அப்பா முகத்துக்காகச் சொல்றேன். இது உங்களுக்கு விளையாட்டு. கொண்டு வந்து விக்கிறவனுக்கு ஜெயில். என் கடையில வேண்டாம்” என்றார். இளைஞர் முகம் சுளித்தார். ஆனால் கருவி பைக்குள் போயிற்று. சரக்கு வரத்து நிற்கவில்லை. அந்தப் பெண்மணி இன்னும் திரும்பி வரவில்லை என்று நமது உறுப்பினர் வருத்தத்தோடு சொன்னார்.

பயிற்சி வினாக்கள்

1. நமது கடைப் பலகை விதிப்படியான அளவில் உள்ளதா?
2. நமது கிடங்கில் பிறர் வைத்த பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா?
3. “இது வெறும் ஆவிதான்” என்பவருக்கு நமது பணியாளர் என்ன பதில் சொல்வார்?

மூன்றுக்கும் இன்றே விடை காணுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.