சில்லிசையும் ஒரு தோடியும்

“‘பீப் பீப்’ என்று கத்தும் ஓசையை இசை என்று சொல்ல உனக்கு நாணமில்லையா?” என்று விடுதி நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் கேட்டார். அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வந்து நின்றபொழுது, அவ்விடையையே எழுதித் தரலாம் என்று துணிந்தேன்.

பழைய கணிப்பொறிகளிலும் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளிலும் ஒலிக்கென்றே ஒரு சிறு சில்லு இருந்தது. அச்சில்லு எழுப்பும் ஒலிகளை மட்டும் கொண்டு ஆக்கப்படும் இசையைச் சிப்டியூன் என்பர். நான் அதனைச் சில்லிசை என்று வழங்குகின்றேன். மெல்லிசை என்னும் சொல் நம்மிடம் இருக்கும்பொழுது சில்லிசை இருத்தலில் பிழையில்லை. 1990களில் சிறுவராயிருந்த நம் அண்ணன்மார் பலர் பெயர் அறியாமலே இதனைக் கேட்டவர்கள்தாம். ஜப்பானிய நிண்டெண்டோப் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான ‘டிவி கேம்’ பெட்டிகள் அந்நாளில் நம் ஊர்க் கடைகளில் மிகுதியாக விற்றன. மேரியோ குதித்தோடும்பொழுது கேட்குமே, அப்பாட்டு முழுவதும் ஐந்தே ஒலித்தடங்கள் கொண்ட ஒரு சில்லின் வேலை.

எனக்கு இஃது என் தந்தையார் வழியாக வந்தது. அவர் திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். பணி மாற்றத்தால் ராமச்சந்திராபுரத்துப் பெல் குடியிருப்புக்கு வந்தார். நடுவண் அரசு 1984-85இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்ப ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ என்னும் பொறி. தந்தையார் படித்த பள்ளிக்கும் அது வந்ததாம். செருப்பை வாயிலில் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று, வாரத்துக்கு இருபது நிமிடம் அதன் முன் அமர்வார்களாம். கற்றவற்றுள் ஒரே ஒரு வரி அவருக்கு இன்றும் மறக்கவில்லை. ஒருநாள் இரவு உணவின்போது, திருமந்திரம் ஓதுவதைப் போல அதனைச் சொல்லிக் காட்டினார்: “சவுண்ட் 1, -15, 53, 20.”

இவ்வரியை விளக்கினால் பாடத்தின் பாதி முடிந்துவிடும். ‘சவுண்ட்’ என்பது ஒலிக்கச் சொல்லும் கட்டளை. முதல் எண் எந்தக் குரல் என்பதைக் குறிக்கும். அப்பொறியிலுள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லில் சுரம் ஒலிக்கும் குரல்கள் மூன்று, இரைச்சலுக்கென்று ஒன்று. இரண்டாம் எண் ஒலியின் வன்மை. 15 என்பது உச்சம். நான்காம் எண் நீளம். நொடியை இருபதாகப் பகுத்து எண்ணுவர், ஆதலின் 20 என்றால் ஒரு நொடி. மூன்றாவதாக நின்ற 53தான் சுரம். அதனைச் சட்சமாகக் கொண்டால் 53, 61, 69, 73, 81, 89, 97, 101 என்று வரிசையாகத் தட்டுங்கள். சங்கராபரணத்தின் ஆரோகணம் வந்து நிற்கும்.

இவ்வெண்களைக் கூர்ந்து பாருங்கள். அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையே நான்கு எண்கள் உள்ளன. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை விட்டால் அடுத்த கட்டை, நடுவில் ஒன்றுமில்லை. இச்சிறு பொறியிலோ ஒரு தாயிக்கு நாற்பத்தெட்டுப் படிகள். எனக்கு முதலில் வியப்பளித்தது இதுவே.

சில்லு ஒலியை எவ்வாறு எழுப்புகின்றது? அதற்குள் நொடிக்கு 40 இலட்சம் துடிப்புகள் செல்கின்றன. அவற்றை 32ஆல் குறைத்தால் 1,25,000. அதனை நாம் கொடுக்கும் ஓர் எண்ணால் வகுத்து, அத்தனை முறை மின்னழுத்தத்தை மேலும் கீழும் புரட்டுகின்றது. 284ஆல் வகுத்தால் நொடிக்கு 440 அதிர்வு. அதுவே மேலே கண்ட 89, நம் தைவதம். வகுக்கும் எண் 1023க்கு மேல் போகாது. எனவே 122 அதிர்வுக்குக் கீழே ஒலி இறங்காது. ஒரு கட்டையில் பாடும் ஆடவரின் மந்தர பஞ்சமம் 98. அதனை இச்சில்லிடம் கேட்பது வீண். மேலும், இவ்வாறு சரிபாதியாகப் புரளும் அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்களே உண்டு. கிளாரினெட்டின் கீழ்த்தாயியிலும் ஏறக்குறைய இத்தன்மை இருப்பதால், சில்லின் குரல் அதனை ஒத்திருக்கும்.

மேலை நாட்டார்க்கு மூன்று குரல் போதவில்லை. அவர்கள் இசை பல சுரங்களை ஒருங்கே அடுக்கி எழுவது. ஆகவே ஒரே குரலில் மூன்று சுரங்களை நொடிக்கு ஐம்பது முறை மாற்றி மாற்றி ஒலித்து, அடுக்கொலிபோல் செவியை மயக்கும் உத்தியை வளர்த்தனர். சில்லிசைக்கே உரிய அந்தத் துடிதுடிப்பு வறுமையில் பிறந்த அழகு எனலாம். நமக்கோ மூன்று குரல் மிகை! ஒன்று பாட, ஒன்று பஞ்சமம் பிடிக்க, ஒன்று சட்சம் பிடிக்க, இரைச்சல் குரல் தாளம் போட, கச்சேரி மேடை நிறைந்துவிட்டது. நம் வீடுகளில் மின்னணுச் சுருதிப்பெட்டி ஒலிப்பதை யாரும் இகழ்வதில்லை. அது நம் பூசையறைக்குள்ளேயே குடியேறிவிட்ட ஒரு மின்னொலிதானே!

ஆனால் குரல்களின் எண்ணிக்கையில் பெற்ற செல்வத்தைக் கமகத்தில் இழந்துவிடுகின்றோம். சங்கராபரணத்தோடு நின்றிருந்தால் எனக்குத் துன்பமில்லை. ஆசை தோடிக்குப் போயிற்று.

தோடியின் எண்கள் 53, 57, 65, 73, 81, 85, 93, 101. இவற்றை நேராகத் தட்டினால் வருவது தோடியன்று, தோடியின் எலும்புக்கூடு. அதன் காந்தாரம் 65 என்னும் இடத்தில் நிற்பதில்லை. ரிடபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே, அதாவது 57க்கும் 73க்கும் இடையே, அசைந்துகொண்டே இருப்பதுதான் காந்தாரம். இதற்கு உதவும் ‘என்வெலப்’ என்றொரு கட்டளை அப்பொறியில் உண்டு. சுரத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை படி ஏறவேண்டும் அல்லது இறங்கவேண்டும் என்று சொல்லலாம். எட்டு அடியில் ஏறி எட்டு அடியில் இறங்குமாறு அமைத்து, மகிழ்ந்து ஒலிக்கவிட்டேன்.

அடுக்களையிலிருந்து என் அப்பாயி எட்டிப் பார்த்தார். “என்ன கண்ணு, கீழே ஆம்புலன்ஸ் வந்திருக்கா?”

அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே சன்னலுக்குச் சென்று பார்த்தார். கம்பிதம் ஊஞ்சலைப் போல் ஒரே சீராக ஆடுவதன்று என்று அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. கீழே சற்றுத் தங்கும், விரைந்து ஏறும், மேலே தொட்டும் தொடாமலும் திரும்பும், அடுத்த முறை வேறு அளவில் செல்லும். கட்டளையில் பகுதிகள் மூன்றே. ஏற ஒன்று, நிற்க ஒன்று, இறங்க ஒன்று. கீழே தங்குவதற்கு நான்காவது இல்லை. முடிவில், அசைவைத் தானே திரும்பவிடாமல் நிறுத்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனிச் சுரமாக எழுதினேன். இரண்டு நொடி நீளும் ஒரு காந்தாரத்துக்கு ஐந்து வரிகள். ஒரு சிறு சஞ்சாரத்தை முடிக்கப் பதினொரு மாலைகள் சென்றன.

இனி, இக்கலையில் ஈடுபட்டோரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்னும் ஜெர்மானியர் அமிகா கணிப்பொறிக்கு ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்னும் மென்பொருளைச் செய்தார். அதன் வழியில் வந்த கோப்புகளில் இசையும் அதன் சுரக்குறிப்பும் ஒன்றே. கேட்பவர் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு சுரமும் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைக் காணலாம், மறைக்க இடமில்லை. கருவிகளின் பெயர் எழுதுவதற்கென விட்ட சிறு கட்டங்களில் நண்பர்க்கு வணக்கமும் வாழ்த்தும் எழுதி அனுப்புவது இவர்கள் வழக்கம். இசைத் தட்டின் உறைக்குள் கடிதம் வைத்ததுபோல! இத்தகைய இசையையும் படங்களையும் சிறு நிரல்களால் ஆக்கும் டெமோசீன் என்னும் கலைக்கூட்டத்தைப் பின்லாந்து 2020இல் தன் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டு ஜெர்மனியும் சேர்த்தது.

நானும் என் தோடியை அனுப்பினேன். பின்லாந்து அன்பர் ஒருவர் இரண்டே நாளில் அதனைத் திருத்தித் திருப்பியனுப்பினார். திறந்து பார்த்தேன். ஐந்து வரிக் காந்தாரம் முழுவதும் 65 என்று ஒரே வரியாகக் கிடந்தது! சுரங்கள் வழுக்குவதாகவும், எண்களில் பிழை நேர்ந்திருக்கலாம் என்றும், ஆதலால் நேராக்கியிருப்பதாகவும் மிகுந்த கனிவோடு எழுதியிருந்தார்.

எனக்கு வந்த சினத்தைச் சொல்லி முடியாது. அக்கூட்டத்தில் எனக்கு இடமில்லை என்றே முடிவுகட்டினேன். நான்கு நாள் அப்பக்கம் போகவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன்: அவர் செய்த தவறு என்ன? தம் செவிக்கு முரணாகப் பட்டதை உழைத்துச் சரிசெய்தார். நான் அனுப்பியதோ ஒரு சொல் விளக்கமும் இல்லாத வெறும் எண்கள். ‘ரெம்’ என்று தொடங்கும் வரியைப் பொறி படிக்காது. மனிதன் படிப்பதற்கே அது. அத்தகைய இருபது வரிகளில், காந்தாரம் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை எழுதினேன். தோடி வாசிப்புக்குப் பெயர்பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரப் பதிவு ஒன்றைக் கேட்கும்படியும் குறித்தேன்.

விடை வரப் பத்து நாளாயிற்று. இம்முறை அவர் என் ஐந்து வரிகளை அப்படியே வைத்திருந்தார். ஆனால் ஏறும் இடங்களில் ஒலியின் வன்மையை மட்டும் இரண்டு மூன்று படி குறைத்திருந்தார். நாகசுரக்காரர் மூச்சை அவ்விடங்களில் அடக்குவதுபோல் தமக்குக் கேட்டதாம். நான் பிறந்தது முதல் கேட்டுவரும் தோடியில் இதனை ஒருநாளும் கவனித்ததில்லை. மாற்றி ஒலித்தபொழுது, கால்காற்படியாக ஏறும் அந்தப் படிக்கட்டுச் சத்தம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அப்பாயியிடம் ஒன்றும் கூறாமல் மீண்டும் ஒலிக்கவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டா? திருச்சியில கேட்ட மாதிரி இருக்கு.”

நான் வாய் திறக்குமுன்னே, “இல்ல, அவரு இல்ல. தோடிதான். ஆனா மேலே போறப்ப மட்டும் தோடி ஓடிப்போயிடுது, கண்ணு” என்றார்.

அவர் சொன்னது நிடாதத்தை. 93 என்னும் எண்ணில் அது இன்னும் கட்டைபோல் நின்றுகொண்டிருக்கின்றது. பின்லாந்து அன்பர் ஒரு வழி சொல்லியிருக்கின்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, வேறொன்றை முயன்று வருகின்றேன். நிரலைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். என்னை முதலில் கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு படி கொடுத்துவிட்டேன். ‘ரெம்’ வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டுகின்றேன்.